வெளியேற்றிய மடிக்கணினி மறுநாள் திரும்பி வந்தது: ஒரு கணக்கின் சாதனப் பட்டியல் குறித்த நிகழ்வு ஆய்வு

என் அக்கா மொழிபெயர்ப்பாளர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய தொழில் மடல்கள், ஒப்பந்தங்கள், வாடிக்கையாளர்களின் கோப்புகள் அனைத்தும் ஒரே கூகுள் கணக்கில்தான் இருந்து வருகின்றன. ஒரு சனிக்கிழமை மாலை, தாம் திறந்தே பார்க்காத மூன்று மடல்கள், படித்து முடித்தவை போல மெல்லிய எழுத்தில் கிடப்பதைக் கவனித்தார். முதலில் கைதவறி அழுத்தியிருக்கலாம் என்று விட்டுவிட்டவர், முந்தைய வாரங்களிலும் இப்படி நேர்ந்தது நினைவுக்கு வரவே, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, அதுவரை ஒருமுறைகூட எட்டிப் பார்த்திராத சாதனப் பட்டியலைப் பார்த்தார். அதில் ஏழு வரிகள் இருந்தன. அவற்றில் மூன்று அவருக்குப் பிடிபடவில்லை.

கணினிப் பராமரிப்பு என் தொழில் என்பதால் மறுநாள் காலை அழைப்பு எனக்கு வந்தது. அதற்குள் அவர் செய்திருந்தவற்றையும், பிறகு நாங்கள் சேர்ந்து செய்தவற்றையும், ஒவ்வொன்றாலும் என்ன விளைந்தது என்பதையும் அவருடைய இசைவோடு இங்கே பதிவு செய்கிறேன். இதில் தொடர்புடைய பிறரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் இரவு

பிடிபடாத மூன்று வரிகளில் முதலாவது ஒரு மேக் கணினி. அக்காவிடம் மேக் எதுவும் இருந்ததே இல்லை. இரண்டாவது, அவருடைய கைபேசியின் மாடலே என்றாலும், பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரம் ஒன்றில் இயங்குவதாகக் காட்டிய ஆண்ட்ராய்டு கைபேசி. மூன்றாவது ஒரு விண்டோஸ் கணினி. இடம் என்ற வரியில் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருந்தது. கடைசிச் செயல்பாடு அன்று காலை.

அவர் மூன்றையும் வெளியேற்றினார். அப்போதும் மனம் அமைதியடையாததால், கையில் இருந்த மடிக்கணினியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, கைபேசியிலும் பலகைக் கணினியிலும் தொலைக்காட்சியிலும் மடிக்கணினியின் இன்னோர் உலாவியிலும் அதே பழைய கடவுச்சொல்லைக் கொண்டு மீண்டும் உள்நுழைந்தார். ஒவ்வொரு உள்நுழைவுக்கும் “உங்கள் கணக்கில் புதிய உள்நுழைவு” என்ற எச்சரிக்கை மடல் வந்தது. இரவு முடிவதற்குள் நான்கு மடல்கள் சேர்ந்தன. நான்கும் அவர் செய்த உள்நுழைவுகளே என்பதால் அவற்றைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலையில் ஐந்து மடல்கள் இருந்தன. ஐந்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழித்துவிட்டார். நீக்கிய மடல்களை ஜிமெயில் 30 நாள் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும் என்பதால் அவற்றை என்னால் பின்னர் மீட்டுப் பார்க்க முடிந்தது. ஐந்தாவது மடல் காலை 6:12க்கு வந்திருந்தது. அந்த நேரத்தில் அக்கா உறங்கிக்கொண்டிருந்தார். முந்தைய இரவு வெளியேற்றிய அந்த விண்டோஸ் கணினி மறுபடியும் உள்ளே வந்திருந்தது.

இந்த நிகழ்வில் நேர்ந்த முதல் பிழை இதுதான் என்று நான் கருதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெளியேற்றுவது துணிச்சலான நடவடிக்கையாகத் தோன்றினாலும், அதனால் நம்முடைய சொந்தச் சாதனங்களே எச்சரிக்கை மடல்களைக் குவித்து, பொருட்படுத்த வேண்டிய ஒரே எச்சரிக்கையை அந்தக் குவியலுக்குள் புதைத்துவிடுகின்றன. கடவுச்சொல்லை மாற்றாமல் வெளியேற்றியது இரண்டாவது பிழை. அதை விளக்க, வெளியேற்றுதல் என்ற செயல் உண்மையில் எதைச் செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரி ஒன்று, கருவி ஒன்று அல்ல

இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு பக்கக் கோரிக்கையும் அதற்குப் புதிய விருந்தாளிதான். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டூலி குக்கியை உருவாக்கினார். நாம் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே சென்றதும் சர்வர் ஒரு நீண்ட எழுத்துத் தொடரைக் குக்கியாக உலாவியிடம் கொடுத்துவைக்கிறது. அதன்பின் ஒவ்வொரு கோரிக்கையோடும் உலாவி அந்தத் தொடரைக் காட்டுகிறது. சர்வர் அதைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. திருமண மண்டபத்தின் வாசலில் அழைப்பிதழைப் பார்த்துவிட்டுக் கையில் முத்திரை குத்தி அனுப்புவதைப் போன்றது இது. அதற்குப் பிறகு அழைப்பிதழை யாரும் கேட்பதில்லை, முத்திரையை மட்டுமே பார்க்கிறார்கள்.

சாதனப் பட்டியல் என்று நாம் பார்ப்பது அடிப்படையில் இந்த முத்திரைகளின் பட்டியலைத்தான். ஒரே மடிக்கணினியில் குரோமில் ஒருமுறை, ஃபயர்ஃபாக்ஸில் ஒருமுறை, மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை என்று உள்நுழைந்தால் மூன்று முத்திரைகள், அதாவது மூன்று அமர்வுகள் உருவாகின்றன. மறைநிலைச் சாளரத்தை மூடும்போது உலாவி தன் பக்கத்துக் குக்கியை அழித்துவிடுகிறது. ஆனால் அழித்ததைச் சர்வருக்குச் சொல்வதில்லை. எனவே இனி யாராலும் பயன்படுத்தவே முடியாத அமர்வு ஒன்று பட்டியலில் நாட்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். அக்காவின் ஏழு வரிகளில் ஒன்று அப்படிப்பட்டது. அச்சகத்தின் கணினி ஒன்றில் மறைநிலைச் சாளரம் திறந்து ஒரு கோப்பை அச்சிட்டு வந்திருந்தார். நல்ல பழக்கம்தான், என்றாலும் சாளரத்தை மூடுவதற்கு முன் வெளியேறு என்பதை அழுத்தியிருந்தால் அந்த வரியும் வெளியேறியதாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

சாதனத்தின் பெயரும் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானது அல்ல. பல சேவைகள் அந்தப் பெயரை உலாவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு வாசகத்திலிருந்து எடுக்கின்றன. தனியுரிமைக்காக உலாவிகள் அந்த வாசகத்தை வேண்டுமென்றே மங்கலாக்கியிருக்கின்றன. விண்டோஸ் 11 இயங்கும் கணினியும் தன்னை விண்டோஸ் 10 என்றே அறிவிக்கிறது. ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பில் இருந்தாலும் குரோம் உலாவி ஆண்ட்ராய்டு 10 என்றே சொல்கிறது. ஐபேடின் கதை இன்னும் வேடிக்கையானது: 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 தொடங்கி, அதன் சஃபாரி உலாவி தன்னை மேக் கணினி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அக்காவைத் திடுக்கிட வைத்த மேக் அவர் மடியில் இருந்த ஐபேட்தான். அதன் சஃபாரியில் கணக்கைத் திறந்து, பட்டியலைப் புதுப்பித்து, மேக் என்ற வரியில் செயல்பாட்டு நேரம் மாறுவதைக் காட்டிய பிறகே அவர் நம்பினார்.

இடத்தின் பெயர் அதைவிடத் தளர்வானது. அது ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்குரிய எண்ணை, வைத்துச் செய்யும் ஊகம். கைபேசி இணையத்தில் ஆயிரக்கணக்கான பயனர்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்கிறார்கள். அந்த முகவரி வலையமைப்பின் நுழைவாயில் இருக்கும் நகரத்தில் பதிவாகியிருந்தால் கைபேசியும் அங்கேயே இருப்பதாகத் தெரியும். தொலைவு நகரத்தில் இயங்கிய கைபேசி அக்காவின் கைபேசியேதான்: வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தபோது அதே நகரம் வந்தது, வைஃபையை இயக்கியதும் எங்கள் ஊர் வந்தது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அறிமுகமில்லாத ஊர்ப் பெயரைக் கண்டதும் பதறுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

மூன்றில் இரண்டு வரிகள் இவ்வாறு தீர்ந்தன. மீதமிருந்தது அந்த விண்டோஸ் கணினி.

காலை 6:12

இப்போது எதையும் வெளியேற்ற வேண்டாம், முதலில் பட்டியலைப் படம் எடுத்து வைப்போம் என்று அக்காவிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான், நீ படம் எடுத்துக்கிட்டிருக்கியா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே; பணம் பறிபோகும் சூழலாக இருந்தால் நானும் காத்திருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கணினி ஒரே பொழுதில் திரும்பி வந்துவிட்டது என்பதற்கு, அதைப் பயன்படுத்துபவரிடம் கடவுச்சொல்லும் இருக்கிறது என்பதே பொருள். எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மறுபடி வெளியேற்றுவது, சாவி வைத்திருப்பவரை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவதாகத்தான் முடியும்.

முதலில் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் திறந்து திரைப்பிடிப்பு எடுத்தோம். கூகுளில் வெளியேற்றிய சாதனங்களும் வெளியேறியவை என்ற குறிப்போடு சில வாரங்கள் பட்டியலில் தங்கும். டெலிகிராம், வாட்ஸ்அப் போன்றவற்றில் வெளியேற்றிய கணமே வரி மறைந்துவிடும் என்பதால், அங்கே படம் எடுக்காமல் பொத்தானை அழுத்தினால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமிருக்காது. அடுத்து, கணினித் திரையில் ஜிமெயில் பக்கத்தின் அடியில் வலப்புற ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் “விவரங்கள்” என்ற இணைப்பைத் திறந்தோம். சாதனப் பட்டியலைப் பார்ப்பவர்களிலும் இந்தச் சாளரத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் இதுவே அதிகப் பயனுடையது. அண்மைய பத்து அணுகல்களின் வகை, அதாவது உலாவி வழியா, கைபேசியா, ஐமேப் அல்லது பாப்3 வழியாக இழுக்கும் மடல் மென்பொருளா என்பதும், ஐபி முகவரியும், நேரமும் இதில் வரிசையாக இருக்கும். காலை 6:12க்கு வந்த அணுகல் உலாவி வழியானது. முகவரி வீட்டு அகலப்பட்டை இணைப்பு ஒன்றுக்கு உரியது.

அக்கா இதுவரை உள்நுழைந்திருக்கும் விண்டோஸ் கணினிகளை விரல்விட்டு எண்ணச் சொன்னேன். இப்போதைய மடிக்கணினி ஒன்று. அச்சகத்தின் கணினி மற்றொன்று, ஆனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அச்சகம் திறந்திருக்காது. சற்று யோசித்துவிட்டுத் தம்முடைய பழைய மடிக்கணினியைச் சொன்னார். பதினான்கு மாதங்களுக்கு முன் சக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தம் தந்தைக்காகக் கேட்க, அப்படியே கொடுத்துவிட்டிருந்தார். அந்தக் குடும்பம் பக்கத்து ஊரில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் வட்டைத் துடைத்துத் தரும்படி அக்கா என்னைக் கேட்டதும், அந்த வாரம் நேரமில்லை என்று நான் தட்டிக்கழித்ததும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

தொலைபேசியில் அந்தப் பெரியவரே பேசினார். “நான் எதையும் மாத்தலை தம்பி. தினமும் கம்ப்யூட்டரைத் திறந்தா உங்க அக்கா லெட்டர் எல்லாம் தானா வந்து நிக்கும். அதை மூடிட்டுத்தான் செய்தி பார்ப்பேன். இன்னைக்கு மட்டும் அவங்க பேரைப் போட்டு ஒரு நீலப் பட்டன் காட்டுச்சு. அமுக்கினேன், சரியாயிடுச்சு.” ஃபயர்ஃபாக்ஸ் உலாவி முந்தைய தாவல்களை மீண்டும் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது, கடவுச்சொல்லும் அதில் சேமிக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை இரவு சர்வர் அந்த அமர்வைத் துண்டித்துவிட்டது உண்மைதான். ஆனால் உள்நுழைவுப் பக்கம் வந்ததும் உலாவி கடவுச்சொல்லைத் தானாக நிரப்பியது. ஏதோ கோளாறு என்று எண்ணிய பெரியவர் பொத்தானை அழுத்தி அதைச் “சரிசெய்தார்”. இரு படிச் சரிபார்ப்பை அக்கா இயக்கியிருக்கவில்லை; இயக்கியிருந்தால் அந்த நீலப் பொத்தானுக்குப் பிறகு அவர் கைபேசியின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும்.

பதினான்கு மாதங்களாகப் பெரியவர் ஒரு மடலையும் திறந்ததில்லை என்பதை நான் நம்புகிறேன். அதே சமயம், அந்த மடிக்கணினி பழுதுபார்ப்புக்குச் சென்றிருந்தால், திருடு போயிருந்தால், வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தால் என்று யோசித்துப் பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை.

துண்டிப்பு உடனே நிகழ்கிறதா

பொத்தானை அழுத்திய கணமே மறுமுனையில் திரை அணைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சேவையைப் பொறுத்து இது மாறும். சர்வர் ஒவ்வொரு கோரிக்கையிலும் அமர்வுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வகையாக இருந்தால், பதிவை அழித்ததும் அடுத்த அழுத்தத்திலேயே வெளியேற்றம் நிகழ்ந்துவிடும். செயலிகள் பெரும்பாலும் வேறு முறையில் இயங்குகின்றன: முத்திரை போலப் பயன்படும், குறைந்த ஆயுள் கொண்ட அணுகல் டோக்கன் ஒன்றும், அது காலாவதியானதும் புதியதை வாங்கிக்கொள்ளப் பயன்படும் புதுப்பிப்பு டோக்கன் ஒன்றும் அவற்றிடம் இருக்கும். 2012இல் வெளியான ஓஆத் 2.0 தரநிலை இந்த ஏற்பாட்டை வகுத்தது. டோக்கனை ரத்து செய்யும் முறைக்கான தரநிலை அடுத்த ஆண்டு தனியாக வந்தது. தொலைவிலிருந்து வெளியேற்றும்போது புதுப்பிப்பு டோக்கன் ரத்தாகும். ஏற்கெனவே கையில் இருக்கும் அணுகல் டோக்கனைச் சர்வர் பதிவேட்டைப் பார்க்காமலே ஏற்பதாக இருந்தால், அதன் ஆயுள் முடியும்வரை, பெரும்பாலும் ஒரு மணி நேரம் போல, அது செல்லும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும் வசதி முழுமையாக நடப்புக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம் என்றும், எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கு அது பொருந்தாது என்றும் அந்நிறுவனமே அறிவித்திருக்கிறது.

டெலிகிராம் இதில் விசித்திரமான, ஆனால் யோசித்துச் செய்த ஒரு விதியை வைத்திருக்கிறது. புதிதாக உள்நுழைந்த சாதனம் முதல் 24 மணி நேரத்துக்குப் பழைய அமர்வுகளை வெளியேற்ற முடியாது. கணக்கைக் கைப்பற்றியவர் உள்ளே வந்ததும் உரிமையாளரைத் துரத்திவிடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் முதன்மைக் கைபேசியோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். முதன்மைக் கைபேசி 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தப்படாவிட்டால் அவை தாமாகவே வெளியேறிவிடும். ஆப்பிள் கணக்கில் ஒரு சாதனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும், அந்தச் சாதனத்தில் உள்நுழைவு நீடித்தால் அது அடுத்தமுறை இணையத்தோடு இணையும்போது பட்டியலில் மீண்டும் தோன்றக்கூடும். ஒரு சேவையில் கற்ற பழக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

கடவுச்சொல்லும் அமர்வும் வெவ்வேறு என்பதைப் பெரிய அளவில் காட்டிய நிகழ்வு 2018 செப்டம்பரில் நடந்தது. ஃபேஸ்புக்கில் ஒரு பயனர் தம் பக்கம் பிறருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கும் வசதியில் இருந்த பிழைகளால் அணுகல் டோக்கன்கள் வெளியே கசிந்தன. ஏறத்தாழ 5 கோடி கணக்குகளின் டோக்கன்களை நிறுவனம் ரத்து செய்தது. முன்னெச்சரிக்கையாக மேலும் 4 கோடி கணக்குகளை வெளியேற்றியது. உண்மையில் டோக்கன் திருடப்பட்ட கணக்குகள் ஏறத்தாழ 3 கோடி என்று பின்னர் தெரியவந்தது. கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை என்று அப்போது சொல்லப்பட்டது பலருக்கு வியப்பளித்தது. திருடுபோனது முத்திரைதானே ஒழிய அழைப்பிதழ் அல்ல என்பதுதான் காரணம். எங்கள் நிகழ்வில் நிலைமை தலைகீழ்: முத்திரையை அழித்தோம், அழைப்பிதழ் அங்கேயே இருந்தது.

சாதனப் பட்டியலின் எல்லையையும் இங்கே குறித்துவிட வேண்டும். கணினியில் புகுந்த தீநிரல் உலாவியின் குக்கியை நகலெடுத்துச் சென்றால், திருடர் நம்முடைய அமர்வையே பயன்படுத்துகிறார். அவர் பட்டியலில் புதிய வரியாகத் தெரியாமலே போகலாம். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் இந்த வழியில்தான் கைப்பற்றப்பட்டது. விளம்பர வாய்ப்பு என்று வந்த போலிக் கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததே தொடக்கம், கடவுச்சொல்லோ இரண்டாம் படியோ அங்கே தேவைப்படவில்லை. குக்கியைக் குறிப்பிட்ட கணினியின் பாதுகாப்புச் சில்லோடு பிணைத்துவிடும் முயற்சியைக் கூகுள் 2024 ஏப்ரலில் அறிவித்தது. அது எங்கும் பரவும்வரை, ஐயம் எழுந்தால் நாம் பயன்படுத்தும் கணினியைத் தீநிரல் சோதனைக்கு உட்படுத்திய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். அக்காவின் மடிக்கணினியை நாங்களும் முதலில் சோதித்தோம், அதில் ஒன்றுமில்லை.

வாசலைச் சாத்திய பின்

சோதனை முடிந்ததும் அதே கணினியில் கடவுச்சொல்லை மாற்றினோம். கடவுச்சொல்லை மாற்றினால் கூகுள் பெரும்பாலான சாதனங்களைத் தானே வெளியேற்றிவிடும். ஆனால் உள்நுழையும்போது அடையாளத்தை உறுதிப்படுத்தப் பயன்படும் சாதனங்கள், அனுமதி பெற்ற சில வீட்டுச் சாதனங்கள் போன்றவை விதிவிலக்கு. அதனால் பட்டியலுக்குத் திரும்பிச் சென்று, பழைய மடிக்கணினி வெளியேறியதாகக் காட்டுகிறதா என்று பார்த்து உறுதி செய்தோம். மீட்புக்கான தொலைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் அவருடையவையே. இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வைத்தோம். கணக்கை அணுக அனுமதி பெற்றிருந்த வெளிச் செயலிகள் பதினொன்று. நான்கைத்தான் அக்காவால் அடையாளம் காண முடிந்தது. மற்றவற்றின் அனுமதியை நீக்கினோம். ஜிமெயில் அனுமதி கொண்ட செயலிகளின் புதுப்பிப்பு டோக்கன்கள் கடவுச்சொல் மாறியதும் செல்லாமல் போகும், ஆனால் டிரைவ் கோப்புகளை மட்டும் படிக்கும் செயலிகளுக்கு அப்படி இல்லை என்பதால் இந்தப் பக்கத்தைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, படிக்காத மடல் ஒன்று மீண்டும் மெல்லிய எழுத்தில் கிடந்தது.

நான் அப்போது உண்மையிலேயே கலங்கினேன். சாதனப் பட்டியலில் இப்போது நான்கே வரிகள். நான்கும் எங்கள் கண்முன் இருந்தன. விவரச் சாளரத்தில் அந்நிய முகவரி எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் போல வீண் யோசனைகளில் அலைந்த பிறகே, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: எந்த மடல்கள்? அக்கா நான்கையும் எடுத்துக் காட்டினார். நான்கும் சில வாரங்களுக்கு முன் சேர்ந்த புதிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வந்தவை. நான்கின் தலைப்பிலும் “கட்டணச்சீட்டு” என்ற சொல் இருந்தது.

ஜிமெயில் அமைப்புகளில் வடிகட்டிகள் என்ற பகுதியைத் திறந்தோம். தலைப்பில் அந்தச் சொல் உள்ள மடல் வந்தால் அதைப் படித்ததாகக் குறித்து, ஒரு முகவரிக்கு அனுப்பிவைக்கும்படி ஒரு விதி அங்கே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், கணக்குவழக்கைப் பார்த்துக்கொள்ளப் பகுதிநேர உதவியாளர் ஒருவரை அக்கா வைத்திருந்தார். அந்த வேலைக்காக இருவரும் சேர்ந்து அமைத்த விதி அது. ஒரு முகவரிக்கு இப்படி மடல் அனுப்புவதற்கு முன் அந்த முகவரிக்கு உறுதிக் குறியீடு ஒன்றை ஜிமெயில் அனுப்பும். உதவியாளர் அதை வாசிக்க அக்காவே தட்டச்சு செய்தது இப்போது அவருக்கு நினைவுக்கு வந்தது. உதவியாளர் வேலையை விட்டுச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய வாடிக்கையாளர்கள் எவரும் தலைப்பில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாததால் விதி உறங்கிக் கிடந்தது; புதியவர் பயன்படுத்தியதும் விழித்துக்கொண்டது.

அக்காவைப் பயமுறுத்திய அறிகுறிக்கும் பட்டியலில் கண்ட அந்நியக் கணினிக்கும் தொடர்பே இல்லை. பெரியவரின் மடிக்கணினி உண்மையான ஓட்டைதான், ஆனால் மடல்களைப் படித்தது அது அல்ல. மடல்களைத் தொட்டது எந்தச் சாதனமும் இல்லை. கூகுளின் சர்வரிலேயே இயங்கும் ஒரு விதி. அதற்கு அமர்வு கிடையாது, இடம் கிடையாது, கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் அது அசையாது. கணக்குகளைக் கைப்பற்றுபவர்கள் துரத்தப்பட்ட பிறகும் மடல்களைப் பெறுவதற்கு இதே முறையில் வடிகட்டி அமைத்துவிட்டுப் போவது வழக்கம் என்பதைத் தொழில்முறையில் நான் அறிவேன்; அறிந்திருந்தும் சாதனப் பட்டியலிலேயே கண்ணை வைத்திருந்தேன். இந்த நிகழ்வில் என் பங்குக்கு நேர்ந்த பிழை அது.

மடிக்கணினி மேசைக்கு வந்தபோது

புதன்கிழமை சக மொழிபெயர்ப்பாளர் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து தந்தார். தொலைவெளியேற்றம் அதில் எதைச் செய்திருக்கிறது, எதைச் செய்யவில்லை என்று பார்க்கும் ஆவல் எனக்கு இருந்தது. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தேன். அக்காவின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் உள்நுழைவுப் பக்கத்தில் நின்றன. கடவுச்சொல் பெட்டியில் பழைய கடவுச்சொல்லின் கரும்புள்ளிகள் நிரம்பியிருந்தன. நீலப் பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் தவறு என்ற செய்தி வந்தது. அதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடியே.

பதிவிறக்கக் கோப்புறையில் 63 பிடிஎஃப் கோப்புகள் இருந்தன. சில ஒப்பந்தங்கள், சில வாடிக்கையாளர்களின் அடையாள ஆவணங்கள். உலாவியின் கடவுச்சொல் பட்டியலில் வேறு நாற்பது தளங்களின் கடவுச்சொற்கள், ஒரு சொடுக்கில் படிக்கும்படி வெளிப்படையாக இருந்தன. கணக்கிலிருந்து வெளியேற்றுவது சர்வரின் வாசலைத்தான் மூடும். ஏற்கெனவே வட்டில் இறங்கிவிட்ட எதையும் அது தொடுவதில்லை. தொலைவிலிருந்து வட்டையே அழிப்பது வேறு வசதி; அதை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும், சாதனமும் இணையத்தில் இருக்க வேண்டும், பொதுவாகக் கைபேசிகளில்தான் மக்கள் அதை வைத்திருக்கிறார்கள். அந்த நாற்பது தளங்களில் பணமும் மடலும் சார்ந்த ஒன்பதில் அன்றே கடவுச்சொல்லை மாற்றினோம். மீதியை அக்கா அடுத்த இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றாக மாற்றினார். பெரியவரின் படங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வட்டை முழுவதுமாக அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவி, அவர் பெயரிலேயே ஒரு பயனர் கணக்கும் அமைத்துக் கொடுத்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன் நேரமில்லை என்று நான் சொன்ன அந்த வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

முன்னாள் உதவியாளரிடம் அக்கா தாமே பேசினார். வேலையை விட்டதும் அந்த மடல்கள் தமக்குத் தேவையில்லை என்று, அக்காவின் முகவரி வழியாக வருபவை நேராக ஒரு தனிக் கோப்புறைக்குப் போகும்படி அவரும் தம் பக்கத்தில் ஒரு விதி அமைத்திருந்திருக்கிறார். அந்தக் கோப்புறையை அதன்பின் அவர் திறக்கவேயில்லையாம். நான்கு மடல்களையும் நீக்கிவிட்டுத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினார். புதிய வாடிக்கையாளருக்கும் நடந்ததை விளக்கி அக்கா ஒரு மடல் எழுதினார்; அவருடைய கட்டண விவரங்கள் மூன்றாம் நபர் ஒருவரின் பெட்டிக்குச் சென்றிருந்தன என்பதால் அதை மறைப்பது சரியல்ல என்று இருவருமே நினைத்தோம்.

வடிகட்டியை நீக்கினோம்; அனுப்பும் முகவரிகளின் பட்டியலிலிருந்து அந்த முகவரியையும் எடுத்தோம், ஏனென்றால் வடிகட்டியை மட்டும் நீக்கினால் உறுதிசெய்யப்பட்ட முகவரி அமைப்புகளில் அப்படியே நிற்கும். அடுத்த மாதக் கட்டணச்சீட்டு மடல் வந்த அன்று அக்கா எனக்குத் திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்பினார். அந்த வரி தடித்த எழுத்தில் இருந்தது.